அலைக்கு முன்னால் காற்று

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் நாம் முதலில் அலையைத்தான் பார்ப்போம். அலை பெரிதாக வந்தால் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தால் இனிப் பயமில்லை என்று மணலில் உட்கார்ந்துவிடுவோம். பள்ளியில் பூகோளம் நடத்திய நாளிலிருந்து நான் விடாமல் சொல்லிவருவது ஒன்றுதான்: அலையைப் பார்க்குமுன் காற்றைப் பாருங்கள். கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறதா, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறதா? சேலை முந்தானை பறக்கிற பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதைக் கண்ணெதிரே காட்டிய ஒரு தீவைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். பொனேர் என்று பெயர். கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கிறது. 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி, ஆனால் கடையில் நீட்டுவது அமெரிக்க டாலர். என் மகள் குடும்பம் நெதர்லாந்தில் இருப்பதால், ஆம்ஸ்டர்டாமிலிருந்து எல்லோருமாகப் போய் வந்தோம்.

அங்கே ஏறக்குறைய வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்துதான் காற்று. வியாபாரக் காற்று என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அதுதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொஞ்சம் தளரும், பிறகு பிடித்துக்கொள்ளும்.

கிராலென்டைக் என்கிற தலைநகரம் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே அலை இல்லை, தண்ணீர் அவ்வளவு தெளிவு. பார்த்தவுடன் பிள்ளைகளை இறக்கிவிடத் தோன்றும். ஆனால் காற்று தீவைக் கடந்து வந்து, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. காற்றடைத்த மிதவையில் ஒரு குழந்தை ஏறிப் படுத்தால் அது சத்தமில்லாமல் வெளியே நகரும். பெரியவர் நீந்திப் போய்ச் சேருவதற்குள் இன்னும் தள்ளிப் போயிருக்கும். அலை இல்லாததால் யாருக்கும் சந்தேகமே வராது.

இப்போது கிழக்குக் கரைக்கு வாருங்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் பாறையும் முரட்டு அலையும்தான், காலே வைக்க முடியாது. லாக் விரிகுடா மட்டும் விதிவிலக்கு. அதன் வாயில் பவளத்திட்டு ஒன்று குறுக்கே கிடப்பதால் பெரிய அலை அங்கேயே உடைந்துபோகிறது. காற்று மட்டும் உள்ளே வருகிறது. உள்ளே வெகுதூரத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான், அடியில் ஆமைகள் மேயும் கடற்புல். இதன் தென்கரையில் இருக்கும் சொரொபோன்தான் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் இடம்.

விண்ட்சர்ஃபிங் என்றால் ஒரு பலகை, அதன்மேல் எந்தப் பக்கமும் சாயக்கூடிய மூட்டில் பாய்மரம், அதில் பாய், பாயைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. சுக்கான் கிடையாது. பாய்மரத்தை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றைப் பார்த்துத் திரும்பும். ஏன் என்று விளக்கப் படம் போட வேண்டும், அதனால் விட்டுவிடுகிறேன்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் உள்ளூர் இளைஞர், முழு வகுப்பையும் தண்ணீரில் நின்றபடியே நடத்தினார். காற்றுக்கு முதுகைக் காட்டி நில் என்பது முதல் பாடம். பாய் தண்ணீரில் விழுந்து கிடக்கும், அதைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்த வேண்டும். இவள் வெடுக்கென்று இழுத்தாள், பாய் அசையவில்லை. மேலே அத்தனை தண்ணீர் ஏறியிருக்கிறது! "மெதுவாக, முதலில் தண்ணீர் வடியட்டும்" என்றார். முழங்காலை மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்துப் பொறுமையாக இழுத்தாள். ஓரமாகத் தண்ணீர் ஒழுகியது, ஒழுகி முடிந்ததும் பாய் சட்டென்று லேசாகி எழுந்துவிட்டது. எழுந்த வேகத்தில் இவள் பின்பக்கமாக விழுந்தாள். விழுந்தவள் எழுந்து நின்றால் தண்ணீர் இடுப்புக்குத்தான். சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினாள்.

பிறகு காற்று ஓங்கி அடித்தபோது கம்பை இறுக்கிப் பிடித்து முன்னால் குப்புற விழுந்தாள். "பின் கையை விடு" என்றார் ஆசிரியர், பாய்மரத்துக்குத் தள்ளியிருக்கும் கையை. அந்தக் கையை விட்டால் பாய் படபடத்து வேகம் அடங்கிவிடுகிறது. பயம் வந்தால் பிடியை இறுக்குவதுதானே நம் இயல்பு, அதை அவள் அன்றைக்கு மாற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் கொஞ்சம் தூரமாகவே போய்விட்டாள். என் மகள் பதறிக் கரையோரமாக ஓடினாள். ஆசிரியர் நகரவில்லை. பலகை மேல் உட்கார்ந்திருந்த குழந்தையைக் காற்றே கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது, ஐம்பதடி தள்ளி வந்து சேர்ந்தாள், அவ்வளவுதான். நான் சொல்வது இதுதான். அதே காற்று மேற்குக் கரையில் அவளை எங்கே கொண்டுபோயிருக்கும்?

இந்த விரிகுடாவில் பழகியவர்தான் கீரி தோடே. 2013-ல் ஃப்ரீஸ்டைல், அதாவது வித்தை காட்டும் விண்ட்சர்ஃபிங்கில் உலக சாம்பியன் ஆனார்.

உப்பளங்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். சொரொபோனிலிருந்து தெற்கே போனால் வெள்ளை உப்புக் குன்றுகள். வெயிலோடு சேர்ந்து உப்பைக் காய்ச்சுவதும் இதே காற்றுதான். பக்கத்தில், 1850 வாக்கில் உப்பு வேலை செய்த அடிமைகளுக்காகக் கட்டிய கல் குடிசைகள் இருக்கின்றன, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். 1863-ல்தான் அவர்களுக்கு விடுதலை. பொனேருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வணக்கம்.