மங்கினால் பாதரசமா?

நேயர்களுக்கு வணக்கம். தண்ணீரில் கலந்த நச்சு உலோகத்தை ஒளிரும் நுண்துகள்களைக் கொண்டு கண்டுபிடிப்பது பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 மைக்ரோகிராம். குடிநீரில் கனிமப் பாதரசம் இதைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறுதான் மைக்ரோகிராம். தண்ணீரில் நிறமும் மாறாது, வாடையும் வராது. ஆனால் அந்தத் தண்ணீரின் ஒரே ஒரு சொட்டில் ஏறக்குறைய 90,000 கோடிப் பாதரச அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், இருக்கும். இத்தனை இருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை!

ஆய்வகத்தில் இவற்றை எண்ணிச் சொல்லும் கருவி உண்டு. ஆர்கான் பிளாஸ்மாவின், அதாவது கடுஞ்சூட்டில் மின்னேற்றம் பெற்ற ஆர்கான் வாயுவின், கொதிப்பில் மாதிரியை அயனிகளாக உடைத்து, நிறையைப் பார்த்து இனம் பிரிக்கும். நம்பகமானதுதான். ஆனால் ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கரையிலேயே சோதிக்க ஆசைப்பட்டவர்களின் கையில் வந்து சேர்ந்தவை குவாண்டம் புள்ளிகள். சில நானோமீட்டரே அளவுள்ள குறைகடத்திப் படிகங்கள் இவை. ஒரு மீட்டரை நூறு கோடி கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறுதான் நானோமீட்டர். காட்மியம் செலினைடை 2 நானோமீட்டர் அளவில் செய்தால் நீலமாக ஒளிரும், 6 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். பொருள் ஒன்றேதான், அளவுதான் வேறு. இந்த விந்தைக்காகத்தான் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே காட்மியம் சல்பைடு புள்ளிகள் கலந்த தண்ணீர். புற ஊதா விளக்கைக் காட்டியதும் குப்பி முழுக்க ஒளிர்கிறது. தாமிர உப்புக் கரைசலிலிருந்து ஒரு சொட்டை அதில் விடுகிறேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து இருட்டு ஒரு நூலாக நெளிந்து இறங்குகிறது. குலுக்கினால் குப்பியே மங்கிவிடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். புற ஊதா ஒளி படிகத்தில் ஓர் எலக்ட்ரானை மேலே தூக்கிவிடுகிறது. அது பழைய இடத்துக்குத் திரும்பும்போது ஒளி பிறக்கிறது. தாமிர அயனி புள்ளியின் மேல் ஒட்டிக்கொண்டால், எலக்ட்ரானுக்கு ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. அந்த வழியில் போனால் ஒளி பிறக்காது, சூடுதான் மிச்சம். சில சமயம் தாமிரமோ பாதரசமோ படிகத்தின் மேற்பரப்பிலிருந்து காட்மியத்தையே வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு மங்கியது என்று அளந்தால், எவ்வளவு உலோகம் என்று கணக்கிடலாம்.

சிக்கல் இங்கேதான். மங்கியது சரி, மங்கவைத்தது யார்? காட்மியத்துக்குப் பதில் கரியால் ஆன, இதேபோல் ஒளிரும் நுண்துகள்களும் உண்டு; அவை கார்பன் புள்ளிகள். ஒருமுறை பாதரசத்துக்கென்று நாங்கள் செய்த கார்பன் புள்ளிகளில் குழாய்த் தண்ணீரை ஊற்றினோம். சட்டென்று மங்கியது. பதறிப்போனோம். கடைசியில் பார்த்தால், பழைய குழாயின் துரு! கார்பன் புள்ளிகளுக்கு இரும்பு அயனியைக் கண்டாலும் மங்கும் குணம் உண்டு.

ஆகவே, புள்ளிக்கு எந்தச் சட்டை போடுகிறோம் என்பது முக்கியம். 2002-இல் சென், ரோசன்ஸ்வைக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள்: அதே காட்மியம் சல்பைடுக்குத் தயோகிளிசரால் என்ற கந்தகச் சேர்மத்தால் உறை போட்டால் தாமிரத்தைக் கண்டுபிடிக்கும், சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தால் உறை போட்டால் துத்தநாகத்தைக் கண்டு, மங்குவதற்குப் பதிலாகப் பிரகாசமாகும். தாமிரச் சோதனையில் அங்கேயும் இரும்பு குறுக்கே வந்தது. ஃபுளூரைடு சேர்த்து அதைக் கட்டிப்போட்டார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காய்ச்சி வடித்த நீரில் சோதித்துவிட்டு, “இத்தனை நுண்ணிய அளவையும் கண்டுபிடித்தோம்” என்று எழுதுவது சுலபம். ஆற்றுநீரில் மக்கிய இலைதழையின் கரிமப் பொருளே நீலமாக ஒளிரும், அமிலத்தன்மையும் இடத்துக்கு இடம் மாறும். அங்கே தாக்குப்பிடிக்காத உணரியை (சென்சாரை) வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஓரளவு கைகொடுப்பது இரட்டை நிற முறை. சிவப்புப் புள்ளியைக் கண்ணாடி போன்ற சிலிக்கா உருண்டைக்குள் அடைத்துவிடுவார்கள், உலோகம் அதைத் தொட முடியாது. பச்சைப் புள்ளியை வெளியே ஒட்டுவார்கள். உலோகம் வந்தால் பச்சை மட்டும் மங்கும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாவதை வெறுங்கண்ணே கண்டுபிடித்துவிடும். விளக்கு கொஞ்சம் மங்கலாக எரிந்தாலும் இரு நிறங்களின் விகிதம் மாறாது.

நச்சு உலோகத்தைத் தேட நச்சு உலோகமான காட்மியத்தையே கையில் எடுப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2004-இல் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கிடைத்த கார்பன் புள்ளிகள் பக்கம் பலரும் திரும்பியது அதனால்தான். துருவிடம் ஏமாந்த கதையையும் சொல்லிவிட்டேன் அல்லவா?

என்னைக் கேட்டால், இன்றைக்கு இந்த உணரி ஒரு முதல் சல்லடை. நூறு குப்பிகளில் நிறம் மாறிய நான்கைப் பொறுக்கி எடுத்துத் தந்தால் போதும். அந்த நான்கும் பெரிய கருவிக்குப் போகட்டும்.

வணக்கம்.