லயத்து வீடும் சில்லுத் தொழிற்சாலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய தொழில்நுட்பம் ஊரையும் பொருளாதாரத்தையும் எப்படி மாற்றுகிறது என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பேச்சாளர்கள் நேரே சிங்கப்பூருக்கோ சைபர்ஜெயாவுக்கோ போய்விடுவார்கள். நான் பாடாங் செராய்க்காரன், அதனால் ஊரை விட்டு நகரப் போவதில்லை. மலேசியாவில், கெடா மாநிலத்தின் தெற்குப் பக்கத்தில், கூலிம் மாவட்டத்தில் இருக்கும் சின்னப் பட்டணம் எங்களுடையது. சுற்றிலும் தோட்டங்கள் இருந்தன, சில இன்னும் இருக்கின்றன. ஒரு பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. மறுபக்கம் கொஞ்ச நேரம் கார் ஓட்டினால், மின்சாரக் கார்களுக்கான சில்லுகளை, அதாவது சிப்புகளை, செய்கிற தொழிற்சாலை. நடுவில் வரிசை வரிசையாகத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகள்.

லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அதிலிருந்து தொடங்குகிறேன். லயம் ஏன் வந்தது? வெள்ளைக்காரத் துரை கட்டினான், நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கதைக்குள் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள், 22 என்று கணக்கு, 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஒன்பது கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலக்கங்சாரில் நடப்பட்டன. ஆனாலும் வெகுநாள் வரை தோட்டக்காரர்கள் ரப்பரைச் சீந்தவில்லை. காப்பியும் கரும்பும் கையில் இருக்கும்போது இது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுத்தால் மரம் நொந்துவிடும், அதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் இயக்குநராக வந்தவர் ஹென்றி ரிட்லி. பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் கொடுக்கும் என்று செய்து காட்டினார். பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடு, ரப்பர் நடு என்று நச்சரித்ததில் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டம் கிடைத்தது. அதே 1888இல்தான் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். கார்கள் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறி, 1910இல் உச்சத்துக்குப் போனது.

இப்போது அந்தச் சீவல் வெட்டு ஊரை என்ன செய்தது என்று பாருங்கள். பால் விடிகாலைக் குளிரில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். வெட்டுகிறவர் இருட்டிலேயே மரத்தடியில் நிற்க வேண்டும். பால் உறைவதற்குள் வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ் இல்லாத காலம் அது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் மரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருந்தாக வேண்டும். லயம் அங்கே வந்தது அதனால்தான். லயத்தைச் சுற்றிக் கோயில், பள்ளிக்கூடம், கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை எல்லாம் வந்தன. பட்டணம் என்பது சம்பள நாளுக்கான இடம். அன்றைக்கு மட்டும் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

ஆக, வேலை கொடுத்த நிர்வாகமே வீட்டையும் கொடுத்தது. இன்று நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். வேலையும் வீடும் ஒரே முடிச்சாக இருக்கிற ஊரில் ஒரு புதிய தொழில்நுட்பம் நுழைந்தால், வேலை போன கையோடு கூரையும் போகும். கோலாலம்பூரில் ஒருவருக்கு வேலை போனால், அடுத்த வேலை கிடைக்கும்வரை உட்கார்ந்து யோசிக்கத் தனக்கென்று ஓர் அறையாவது இருக்கும். தோட்டத்தில் அதுவும் கிடையாது. அதனால்தான் நம்மவர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே கொஞ்சம் பயம். அறியாமை என்று அதைச் சொல்கிறவர்கள் லயத்தில் குடியிருந்து பார்த்தவர்கள் இல்லை.

அடுத்து வந்தது செம்பனை. இந்த நாட்டில் வணிக ரீதியாக முதலில் செம்பனை நட்டது 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். எங்கள் பக்கத்திலெல்லாம் ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நட்டது ரொம்பப் பிந்தித்தான். குலை அறுக்க விடியல் அவசரம் கிடையாது. ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போனால் போதும், ஏக்கருக்கு ஆளும் குறைவு. அறுத்த குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோய் வேகவைக்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். எனவே ஆளைவிட லாரியும் ரோடும் முக்கியமாகிவிட்டன. லயத்தில் ஒவ்வொரு கதவாகப் பூட்டு ஏறியது.

என் அத்தை அந்தக் காலத்தில் செம்பனைக்குப் பூத்தூள் தூவுகிற வேலை பார்த்தார். இன்றைய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருந்ததே தெரியாது. இளம் செம்பனையில் ஆண் பூ ஒரு நேரம் வரும், பெண் பூ ஒரு நேரம் வரும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் ஆண் பூவின் தூளைச் சேர்த்து, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரியான மாவில் கலந்து, பெண் பூ விரிகிற நேரம் பார்த்துப் பீச்ச வேண்டும். பூ இரண்டு மூன்று நாளுக்குமேல் காத்திருக்காது. மட்டை இடுக்கில் கையை விட்டால் முள் கிழிக்கும். முழங்கை வரை பழைய காலுறையை மாட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடி வெள்ளையாக இருக்கும். பெண்களுக்கு நிச்சயமாகக் கிடைத்த வேலை அது.

1981இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து, ஜொகூர் குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில் விட்டார்கள். அரிசியைவிடச் சிறியது. ஆண் பூவில் குடித்தனம் நடத்தும், வாசனையை மோந்து பெண் பூவுக்கும் போய்வரும். ஆப்பிரிக்காவில் செம்பனைக்குக் காய் பிடிக்க வைப்பதே இந்த வண்டுதான் என்று கண்டறிந்தவர் ரஹ்மான் சயீத் என்ற பூச்சியியல் ஆய்வாளர். வண்டு மளமளவென்று தீபகற்பம் முழுக்கப் பரவியது, காய்ப்பு கூடியது. தோட்ட முதலாளிக்குக் கூலி மிச்சம், நாட்டுக்கு ஏற்றுமதி கூடுதல். அத்தைக்கு வேலை இல்லை. வண்டின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையில் அது அருமையான கண்டுபிடிப்பு, முள்ளுக்குள் கை விடுகிற வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் மிச்சமான பணத்தில் ஒரு காசுகூட அந்தப் பெண்கள் வேறு தொழில் கற்கச் செலவாகவில்லை. அத்தை களை எடுக்கப் போனார். ஏன் போனார்? வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் லயத்து வீடு தங்கும்.

அதே காலத்தில் பினாங்கிலிருந்து இன்னொரு தொழில்நுட்பம் பஸ்ஸில் வந்தது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972இல் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே போட்ட முதல் தொழிற்சாலை அங்கேதான். பக்கத்துப் பிறை ஊரிலும் ஆலைகள் பெருகின. தொழிற்சாலைப் பஸ்கள் தோட்டத்து முச்சந்தி வரை வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப்போயின. 1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு பயணமும் சுலபமானது. அப்பா பால் வெட்டினார், லயத்தைக் காப்பாற்றினார். அக்கா பூதக்கண்ணாடியில் சில்லு பார்த்தார், தாமான் வீட்டுக்கு முன்பணம் கட்டினார். இன்று பாடாங் செராய், லூனாஸ் தாமான்களில் நம்மவர் வீடுகளில் எத்தனையோ இப்படி வந்தவை. பொருளாதார நிபுணர்கள் இதற்கு வேறு பெயர் வைப்பார்கள். எனக்குத் தெரிந்தவரை, அந்தப் பஸ் மட்டும் வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. புதுமை என்றால் இயந்திரம், சில்லு, செயலி என்றே நினைக்கிறோம். தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கிய காலத்தில், 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். எங்கள் நாட்டுப் பணத்தில் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் கட்டிய பங்குப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. முதலில் வாங்கியது எங்கள் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். நிலத்தைத் தொழிலாளர் கையிலேயே வைக்கிற ஏற்பாடு அது. என் கணக்கில் ரிட்லியின் கத்திக்குச் சமமான கண்டுபிடிப்பு. அதன்பின் வந்த நிர்வாகக் குறை நிறைகளைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு புத்ராஜெயா கண்முன்னே இருக்கிறது. அது பிராங் பெசார் தோட்டம் இருந்த இடம். நல்ல ரப்பர் ஒட்டுக்கன்று என்றால் 'பி.பி.' என்ற எழுத்தோடு உலகம் முழுக்கப் பேர் போனது, அந்த எழுத்தே பிராங் பெசாரைக் குறிப்பதுதான். அவ்வளவு ஆராய்ச்சி நடந்த மண்ணில் நாட்டின் நிர்வாகத் தலைநகர் எழுந்தது, அங்கே குடியிருந்த தோட்டக் குடும்பங்கள் டெங்கில் என்ற பக்கத்து ஊரின் அடுக்கு வீடுகளுக்குப் போனார்கள்.

வந்த இயந்திரம்தான் ஊரை மாற்றும் என்றும் இல்லை. வராத இயந்திரமும் மாற்றும். செம்பனைக் குலையை முழுசாக இயந்திரத்தால் அறுக்க இன்றுவரை வழி பிறக்கவில்லை. மரம் ஒரு வீட்டைவிட உயரமாகப் போய்விடுகிறது, நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, கீழே உதிர்ந்த பழத்தைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று கண்ணால் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மோட்டார் அரிவாள் வந்திருக்கிறது, தாழ்ந்த மரத்துக்கு உதவும். மருந்தடிக்க டிரோன் பறக்கிறது. குலைக் கணக்கைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி கைப்பேசியில் ஏற்றுகிறார். ஆனால் அறுக்க இன்னும் ஆள்தான். நம் பிள்ளைகள் அந்த வேலையை விட்டு நகர்ந்த இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள். எங்கள் கடைத்தெருவில் இன்று ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவர்கள் ஊர் மிளகாயும் கருவாடும் கிடைக்கின்றன. ஒரு கருவி கண்டுபிடிக்கப்படாததால் வந்த நகர வளர்ச்சி இது.

கூலிம் உயர்தொழில்நுட்பத் தொழிற்பேட்டை 1996இல் திறந்தது. நாட்டில் அந்த வகையில் முதலாவது. ஜெர்மனியின் சில்லு நிறுவனமான இன்பினியன் 2006இல் அங்கே ஆலை போட்டது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. மின்சாரக் காரில் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வீணாகாமல் கட்டுப்படுத்துகிற சில்லு அது. டயர் செய்யப் பால் கொடுத்த வட்டாரம் இப்போது காருக்குச் சில்லும் கொடுக்கிறது. பத்திரிகையில் முதலீடு இத்தனை நூறு கோடி என்று போடுகிறார்கள், சந்தோஷம்தான். அந்த ஆலைக்குள் காலை ஷிப்டுக்கு நுழைகிற பிள்ளை முந்தின இரவு எங்கே படுத்திருந்தது, எதில் ஏறி வந்தது என்று யாரும் போடுவதில்லை. எனக்கு அந்தக் கணக்குத்தான் தேவை.

தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகை ஏறிவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அதில் வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, சாப்பாடு எல்லாம் போனால் கையில் என்ன நிற்கும்? சாதாரண ஆப்பரேட்டராக நுழைந்து அங்கேயே நின்றுவிடாமல் டெக்னீசியனாக ஏற வேண்டும் என்றால் சான்றிதழ் வேண்டும். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம், துவாங்கு சுல்தானா பஹியா பாலிடெக்னிக் கூலிமிலேயே இருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர்கள் யுபியு என்ற அரசு உயர்கல்விச் சேர்க்கை முறை வழியாக விண்ணப்பம் போடலாம். பெரிய பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்றால்தான் பாலிடெக்னிக் என்று நம் பெற்றோர் நினைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

கடைத்தெரு பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு எங்கள் மளிகைக் கடைகளில் 555 நோட்டுப் புத்தகம் தொங்கும். சாமானை எடுத்துக்கொண்டு எழுதிவிட்டுப் போவோம், சம்பளத்தன்று தீர்ப்போம். இப்போது கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, கைப்பேசியைக் காட்டினால் பணம் அந்த நொடியே போய்விடும். கடைக்காரருக்குக் கடன் தொல்லை இல்லை, சில்லறைத் தொல்லையும் இல்லை. ஆனால் இருபதாம் தேதிக்குமேல் பால்மாவு வாங்குகிற தாய்க்கு அந்த 555 கொடுத்த பத்து நாள் அவகாசத்தை எந்தச் செயலியும் சும்மா கொடுப்பதில்லை. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று வருவதைத் தட்டிவிட்டு, தவறினால் என்ன கட்டணம் என்று படிக்காமல் மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். எங்கள் கடைக்காரர் ஒருவர் இரண்டையும் வைத்திருக்கிறார், கியூஆருக்குக் கீழே ஆணியில் 555. கெட்டிக்காரர்.

சரி, நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பஸ் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகள் ஏற்பாடு செய்கிற பஸ்கள் பெரும்பாலும் விடுதிகளுக்கும் பெரிய சந்திகளுக்கும்தான் வருகின்றன. தார் ரோடு முடிந்து செம்பனைக்குள் போகிற பழைய லயங்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வருகிற பிள்ளையை அப்பா இருட்டில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார். மழைக்காலத்தில் நாலு நாள் தாமதமானால் பிள்ளை வேலையை விட்டுவிடுகிறது. உங்கள் பிள்ளை நேர்முகத்துக்குப் போகும்போது சொல்லியனுப்புங்கள். சம்பளத்தைக் கேட்ட கையோடு, பஸ் எந்தச் சந்தி வரை வரும் என்றும் கேட்கட்டும். வராது என்றால் தோட்டத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். எங்கள் பக்கத்தில் நாலைந்து பிள்ளைகள் இப்படி எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒரு பஸ் கோயில் முச்சந்தி வரை வந்து திரும்ப ஆரம்பித்தது.

நன்றி, வணக்கம்.