ஒரே தகட்டில் மூன்று நிறம்: கிருஷ்ண ரெட்டியின் வழியில் என் முதல் அச்சு

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கும் இந்த அச்சைக் கேமராவுக்கு அருகே கொண்டுவருகிறேன், நிதானமாகப் பாருங்கள். ஆழமான கோடுகளில் கறுப்பும், மேட்டில் மஞ்சளும், இரண்டுக்கும் இடையே இறங்கும் சரிவில் நீலமும் படிந்திருக்கின்றன. மூன்றும் ஒரே துத்தநாகத் தகட்டிலிருந்து, அச்சுப்பொறியின் ஒரே ஓட்டத்தில் தாளுக்கு வந்தவை. நிறத்துக்கு ஒரு தகடு என்று வெட்டிக்கொண்டிருந்த என்னைச் சென்ற ஆண்டுக் காணொளிகளில் பார்த்தவர்களுக்கு, நான் ஏன் இவ்வளவு மகிழ்கிறேன் என்பது புரியும்.

இந்த முறையைப் பாரிஸில், ஆங்கிலேய அச்சுக் கலைஞர் ஹேய்ட்டர் நடத்திய அத்தெலியே 17 பட்டறையில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் இந்திய அச்சுக் கலைஞர் கிருஷ்ண ரெட்டி. அவர் 1925-இல் சித்தூர் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றபின், 1947 முதல் 1949 வரை நம் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்தார். பிறகு லண்டனில் ஹென்றி மூரிடமும் பாரிஸில் ஸாட்கினிடமும் சிற்பம் கற்றார். அந்தச் சிற்பக் கல்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தகட்டை அவர் படம் வரையும் பரப்பாகக் கருதவில்லை. உளியாலும் அமிலத்தாலும் மேடு, சரிவு, பள்ளம் என்று செதுக்கி, அதை ஒரு புடைப்புச் சிற்பமாகவே வளர்த்தார். நிறம் எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்த ஆழமே முடிவு செய்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கெட்டியான கறுப்பைப் பள்ளங்களில் திணித்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டேன். ஆளிவிதை எண்ணெய் தாராளமாகக் கலந்த மஞ்சளைக் கடினமான ரோலரால் மேட்டில் மட்டும் உருட்டினேன். பிறகு எண்ணெய் குறைந்த நீலத்தை மென்மையான ரோலரால் அழுத்தி உருட்டினேன். அது சரிவுகளுக்குள் இறங்குகிறது, ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள மஞ்சளின்மேல் ஒட்டுவதில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், தாளை முந்தைய இரவே நனைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தேன். அதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இந்த நீலம் வருவதற்கு எனக்கு மூன்று வாரங்களும் பதினான்கு தாள்களும் ஆயின. எண்ணெய் அளவுதான் பிழை என்று நம்பி, அதைச் சொட்டுச் சொட்டாக மாற்றிக்கொண்டே இருந்தேன். பதினைந்தாவது தாளுக்கு முன்பு ரோலரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், சிறிதும் குழியவில்லை. மென்மையானது என்று சொல்லி, 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடினமான ரோலரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்! திருப்பித் தரப்போனபோது, மை பட்ட பொருளை வாங்கமாட்டோம் என்றார் கடைக்காரர். மை படாமல் ஒரு ரோலரை எப்படிச் சோதிப்பது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. கிரீம்ஸ் சாலை அச்சுக்கூடத்தில் ஒரு மூத்த கலைஞர் தம்முடைய ரோலரைத் தந்தார். முதல் உருட்டலிலேயே நீலம் சரிவில் இறங்கியது. நீங்களும் வாங்குமுன் நகத்தால் அழுத்திப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

ஓவியத்தை ஸ்கேன் செய்து, கணினியில் அச்சிட்டு, தகட்டில் எடுத்த அச்சைப் போலவே கீழே பென்சிலால் பிரதி எண்ணும் கையெழுத்தும் போட்டு விற்பதை என்னால் ஏற்கவே முடியாது. அங்கே தகடு இல்லை, தகட்டோடு கை நடத்திய பேச்சும் இல்லை. ரெட்டி ஒரே தகட்டுக்கு மையை மாற்றி மாற்றி உருட்டி, ஒரே உருவத்தை வெவ்வேறு நிறங்களில் எடுத்தார். அவருடைய கோமாளி அச்சுகளைப் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1968-இல் பாரிஸ் மாணவர் போராட்டத்தைக் கண்டு அவர் செய்த ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’ அச்சு எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டத்தை மேலிருந்து வரைந்து காட்டாமல், மனித உடல்களைத் தகட்டிலிருந்தே எழுப்பியிருக்கிறார்.

நான் கலையை நம்புவது இந்த இடத்தில்தான். மனத்தில் முடிந்துபோன படத்தை உலோகத்தின்மேல் திணிக்க எனக்கு விருப்பமில்லை. என் தகட்டின் இடது ஓரத்தில், அமிலம் நான் எண்ணியதைவிட ஆழமாகக் கடித்துவிட்டது. முன்பெல்லாம் தேய்த்துச் சமன் செய்திருப்பேன். இந்த முறை விட்டுவிட்டேன். நீலம் அங்கேதான் மிக அடர்த்தியாக விழுந்திருக்கிறது, இதோ, என் விரல் நிற்கும் இடத்தில்.