பச்சை முக்கோணம் போட்ட பூச்சிமருந்து என்றால் பயமில்லையா?

சரி, அடுத்த கேள்வி. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போட்டிருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மருந்து பாட்டிலில் பச்சை முக்கோணம் இருந்தால் கையுறை இல்லாமல் கலக்கலாமா? சிவப்பு போட்டதுதான் பூச்சிக்கு நன்றாகக் கேட்கும் என்கிறார்களே, நிஜமா?"

இரண்டுமே இல்லை தம்பி. பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி என்றால் சைவம், சிக்னலில் பச்சை என்றால் போ, அதனால் பச்சையைப் பார்த்தாலே நமக்குப் பயம் விட்டுப்போகிறது. மருந்து பாட்டிலில் அந்தக் கணக்கு கிடையாது. அதில் இருப்பது மூலை கீழே வருகிற மாதிரி நிறுத்தின சதுரம். கீழ்ப்பாதியில் நிறம், மேல்பாதியில் சொல். சிவப்புக்கு மேலே மண்டை ஓட்டோடு விஷம் என்று இருக்கும், மஞ்சளுக்கு விஷம் என்று மட்டும், நீலத்துக்கு அபாயம், பச்சைக்கு எச்சரிக்கை. ஆக, பச்சையே எச்சரிக்கைதான்.

மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் இந்த நிறத்தைப் பிரிக்கிறார்கள். பாதி எலிகள் சாக கிலோ எடைக்கு 50 மில்லிகிராமுக்குள் போதும் என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. அதாவது நம் உடம்புக்கு எவ்வளவு விஷம் என்பதுதான் அதில் இருக்கிறது, காய்ப்புழு சாகுமா என்பது இல்லை. (நாமே விஷத்துக்கு மருந்து என்றுதானே பேர் வைத்திருக்கிறோம்!)

காரிமங்கலத்தில் எங்கள் மாமா மாந்தோப்பில் பூ எடுக்கிற நேரம் தத்துப்பூச்சிக்கு அடித்துக்கொண்டிருந்தார். பவர் ஸ்பிரேயர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. தூரத்தில் மாமா கையை ஆட்டினார், குழாயை இன்னும் இழுத்துவிடச் சொல்கிறார் என்று நினைத்து அத்தை இழுத்துவிட்டார். அவர் சொன்னது இன்ஜினை நிறுத்து என்று. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்து, வாயில் எச்சில் ஒழுகி, கண்ணில் தண்ணீர். மாசி வெயில் தாங்கவில்லை என்று மோர் கொடுக்கப் பார்த்தார்கள், யாரோ தடுத்து 108-ஐக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. உடனே கேட்டது, "என்ன மருந்து அடித்தீர்கள்?"

வெயிலிலும் வேர்க்கும்தான். ஆனால் வேர்வையோடு எச்சிலும் வடிந்து கண்மணியும் சுருங்கினால், ஆர்கனோபாஸ்பேட் என்கிற, நரம்பைத் தாக்குகிற வகை பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதற்கு முறிவு அட்ரோபின் ஊசி. மாமாவின் பாட்டில் மஞ்சள், நல்லவேளை அத்தை அதைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தார். முறிவு என்ன என்பது உள்ளே வருகிற மடிப்புத் தாளிலேயே இருக்கும், நாம் அதைத்தான் முதலில் கிழித்துப் போடுகிறோம்.

அதனால் தம்பி, பச்சையாகவே இருந்தாலும் கையுறை போட்டு, குச்சியால் கலக்குங்கள். மாமா இப்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் இன்ஜினை நிறுத்து என்று அத்தையோடு பேசிவைத்திருக்கிறார். சரி, அடுத்து ஓசூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்...