வலாந்த்ரே: கதவு வைத்த பாலம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சல்லடையில் தண்ணீர் மொண்டுவரச் சொன்னால், நம்மை யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைப்போம். பிரான்சின் தென்மேற்கில், லொத் ஆற்றங்கரையில் உள்ள காவோர் என்ற ஊரில், அந்தக் கட்டளைதான் ஒருவரின் ஆன்மாவைக் காப்பாற்றியது என்கிறார்கள்.

அங்கே வலாந்த்ரே என்ற பாலம் கட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனது. மனம் சலித்த தலைமைக் கொத்தர் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். சொன்ன வேலையை எல்லாம் சாத்தான் செய்ய வேண்டும். முடிந்ததும் கொத்தரின் ஆன்மா அவனுக்கு. ஒரு வேலையில் தவறினாலும் ஒப்பந்தம் செல்லாது. வேலை முடியும் தறுவாயில், ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவா என்று சொல்லி அவன் கையில் சல்லடையைக் கொடுத்தார் கொத்தர். தோற்றுப்போன சாத்தான், நடுக்கோபுரத்தின் உச்சியில் இருந்த மூலைக்கல்லைப் பிடுங்கி எறிந்தான். வைக்க வைக்க அது விழுந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி பின்னால் நடந்த உண்மைச் சம்பவம். 1879-ல் பாலத்தைப் பழுதுபார்த்து முடித்தபோது, கட்டடக் கலைஞர் போல் கூ அந்த மூலையில் ஒரு செதுக்கிய கல்லை வைத்தார். அதில் சிறிய சாத்தான் ஒருவன், கல்லைப் பெயர்க்கப் போராடிக்கொண்டிருக்கிறான். கைகள் இடுக்கில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. இன்றும் அப்படியே இருக்கிறான்.

வலாந்த்ரே பாலத்துக்கு 1308-ல் முதல் கல் வைத்தார்கள். வேலை முழுதாக முடிய ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். தாத்தா கல் சுமந்த பாலத்தைப் பேரன்தான் நடந்து கடந்திருப்பான். எந்தக் கொத்தரும் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார். சாத்தான் கதை ஏன் பிறந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

இதைக் கட்டியது அரசன் அல்ல, ஊர் நகரசபை. காவோர் அன்று வணிகர்களின் ஊர். வட்டிக்குக் கடன் கொடுத்து ஐரோப்பா முழுதும் பெயர் வாங்கிய ஊர். வட்டி வாங்குவோர் விழும் நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவிஞர் தாந்தே, பைபிளில் பாவ நகரமாக வரும் சோதோமின் பெயரோடு காவோரின் பெயரையும் சேர்த்தே சொன்னார். அதே ஊரின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்தான் 1316-ல் போப் ஆன இருபத்திரண்டாம் ஜான். அவர் 1329-ல் நம் பக்கத்துக் கொல்லத்தை மறைமாவட்டமாக்கி, ஜோர்டான் கத்தலானி என்ற துறவியை ஆயராக நியமித்தார். காவோரில் பாலம் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவ்வூர்க்காரர் ஒருவரின் கையெழுத்து கொல்லம் வரை வந்திருக்கிறது.

வணிகனுக்கு வழி திறந்திருக்க வேண்டும். பெட்டி பூட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசையும் ஒரே கல்லில் சேர்ந்ததுதான் வலாந்த்ரே. கூர்முனை வளைவுகள் ஆறு. அவற்றின் மேல் சதுரக் கோபுரங்கள் மூன்று. இரு முனைக் கோபுரங்களில் கதவுகள், மேலிருந்து இறக்கும் தடுப்புகள். கோபுர விளிம்பு சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தரையில் இருக்கும் ஓட்டைகள் வழியே, அடியில் நிற்கும் பகைவன் தலையில் கல்லைப் போடலாம். நடுக்கோபுரம் காவல் பார்க்க. நீரோட்டத்தைப் பிளக்கும் தூண்களின் கூர்மூக்கைக்கூட விட்டுவைக்காமல், மேல்தளம் வரை உயர்த்தி மதில்பல் வைத்திருக்கிறார்கள். ஆறு ஊரை மூன்று பக்கம் சுற்றி ஓடுகிறது. அந்த அகழியைத் தாண்டும் பாலம் என்பதால்தான் இவ்வளவு கவனம்.

இத்தனையும் செய்துவைத்தார்கள். இந்தப் பாலத்தை யாரும் தாக்கவே இல்லை.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூற்றாண்டுப் போரின் நடுவே, 1360-ல், பிரெத்தினி உடன்படிக்கையில், காவோரைச் சுற்றியுள்ள கெர்சி நாடு இங்கிலாந்துக்குக் கொடுக்கப்பட்டது. கோபுரங்கள் அசையவில்லை, ஒரு தாளில் ஊர் கைமாறிவிட்டது. பிறகு 1580-ல், கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதப்போர்க் காலத்தில், புராட்டஸ்டண்டுகளின் தலைவரான நவார் நாட்டு மன்னர் ஹென்றி படையோடு வந்தார். அவர் வலாந்த்ரேயை விட்டுவிட்டு ஊரின் மறுபுறம் இருந்த இன்னொரு பாலத்தின் கதவை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார். பல நாட்கள் தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. இடைக்காலத்தில் காவோருக்கு மூன்று கோட்டைப் பாலங்கள் இருந்தன. மற்ற இரண்டும் பின்னாளில் இடிக்கப்பட்டன. ஒருவரும் மோதிப் பார்க்காத இதுமட்டும் மிஞ்சி, 1998-ல், ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குச் செல்லும் கிறிஸ்தவ யாத்திரை வழிகளின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

காவோர் போகிறவர்கள் பாலத்தோடு திரும்பிவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். ஆற்றை எதிர்த்துக் கிழக்கே போங்கள். நீருக்கு நேர் மேலே செங்குத்துப் பாறையில் சேன்சீர்லாபோப்பி என்ற சிற்றூர் தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே மரம் கடைபவர்கள் ஒரு காலத்தில் மதுப் பீப்பாய்க்கான மரக்குழாய்களைக் கடைந்தார்கள். கெர்சியின் கருஞ்சிவப்பு மதுவைப் படகுகள் இந்த ஆற்றின் வழியேதான் போர்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோயின. எதிர்நீரோட்டத்தில் படகை மேலே கொண்டுவரக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுக்க வேண்டும். கரை இல்லாத ஓரிடத்தில், 1840-களில், மலைப்பாறையின் விலாவைக் குடைந்து பாதை செய்தார்கள். அதில் நடக்கும்போது கூரையும் பாறை, சுவரும் பாறை, மறுபக்கம் தண்ணீர். கோட்டைகளைவிட இந்தப் பாதைதான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. யாருடைய தோள் அந்தக் கயிற்றைத் தாங்கியதோ, அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பெஷ் மெர்ல் குகை. 1922-ல் இளைஞர்கள் கண்டுபிடித்தது. உள்ளே, ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த புள்ளிக் குதிரைகள் இரண்டு. ஒரு குதிரையின் தலைக்குப் பாறையின் இயல்பான விளிம்பையே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் வரைந்தவர். மூச்சுக்காற்றின் ஈரம் ஓவியத்தைக் கெடுக்காமலிருக்க, நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். முன்கூட்டியே டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

குதிரைகளைச் சுற்றிலும் கைகள். பாறையில் கையை வைத்து, அதைச் சுற்றி நிறத்தை ஊதிப் பதித்த கைகள். காவோரின் கோபுர உச்சியில் கல்லுக்குள் சிக்கிய சாத்தானின் கையைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வாருங்கள். அது விடுபடத் துடிக்கும் கை. இவை ஒரு கணம் பாறையில் தங்கள் விருப்பத்தோடு பதிந்து, விரல்களை விரித்தபடி நிற்கின்றன.