ஆளு வேணும், ஆனா குடியேறக் கூடாது

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி, ஆரம்பிக்கிறேன்.

குடியேற்றம்னு சொன்னாலே டிவி விவாதத்துல ரெண்டு பக்கம்தான், ஒருத்தர் உள்ள விடாதேம்பாரு, இன்னொருத்தர் பாவம் விடுங்கம்பாரு, ஒரு மணி நேரம் கத்திட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. அந்த ரெண்டையும் ஓரமா வச்சிட்டு இன்னைக்கு நான் வயசானவங்களைப் பத்திப் பேசப் போறேன். ஏன்னா பணக்கார நாடுகள்ல நடக்கற இந்தச் சண்டைக்கு அடியில ஓடறது பெரும்பாலும் ஒரு பணக் கணக்கு, முதியோருக்கான செலவை யார் தலையில கட்டறதுங்கற கணக்கு. அதை எந்தக் கட்சியும் ஓட்டு கேக்கும்போது நேரா சொல்றதில்ல.

ஜப்பானைப் பாருங்க. 2008 வாக்குல 12 கோடியே 80 லட்சத்தைத் தொட்ட மக்கள்தொகை அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சுது, இப்போ அங்க 100 பேர்ல 29 பேர் 65 வயசைத் தாண்டினவங்க. வெளியில இருந்து யாரும் வராம மக்கள்தொகை அப்படியே நிக்கணும்னா ஒரு பொண்ணுக்கு சராசரியா 2.1 குழந்தை பிறக்கணும், ஜப்பான்ல 2024ல அது 1.15, தென் கொரியாவுல 2023ல 0.72. பென்ஷன் எப்படி நடக்குதுன்னு நிறைய பேருக்கு ஒரு தப்பான நினைப்பு இருக்கு, நாம கட்டினது நம்ம பேர்ல ஒரு பெட்டியில பத்திரமா இருக்குன்னு. பெரும்பாலான நாடுகள்ல அப்படி இல்லைங்க, இன்னைக்கு வேலை பாக்கறவன் கட்டற காசுல பெரும்பகுதி இன்னைக்கு ஓய்வுல இருக்கறவருக்கே போயிடுது, அவனுக்கு வயசாகும்போது அன்னைக்கு வேலை பாக்கறவன் கட்டணும். அந்த ஆள் பிறக்கவே இல்லைன்னா?

உடனே ஒரு பதில் வரும், வெளியில இருந்து கூட்டிட்டு வந்தா சரியாயிடும்னு. ஐநா மக்கள்தொகைப் பிரிவு 2000ல இதை நிஜமாவே கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. ஒரு முதியவருக்கு எத்தனை பேர் வேலை வயசுல இருக்காங்கங்கற விகிதத்தைக் குறையாம வச்சுக்கணும்னா ஜப்பானுக்கு வருஷத்துக்கு சராசரியா 1 கோடி பேர் வரணும்னு வந்துச்சு, தென் கொரியாவுக்கு 2050க்குள்ள 500 கோடிக்கும் மேல, அப்போ மொத்த உலகமே 600 கோடிதான்! வர்றவங்களுக்கும் வயசாகும், ஒரு தலைமுறையில அவங்க குழந்தைப் பேறும் ஊரோட ஒத்துப் போயிடும், அதனால இன்னும் ஆள் கூப்பிடணும். ஆக குடியேற்றம் முதுமையை நிறுத்தாது. இதை வேணாங்கறவங்க சொல்லும்போது உண்மைதான் சொல்றாங்க. ஆனா அதுல இருந்து யாருமே வேணாம்னு போறது வேற கணக்கு, ஏன்னா படுக்கையில இருக்கற ஒருத்தரைத் திருப்பிப் படுக்க வைக்க இன்னைக்கு ராத்திரி ஒரு ஆளு வேணும், அதுக்கு 2050 வரைக்கும் காத்திருக்க முடியாது.

இங்கதான் ஆள் பற்றாக்குறைங்கற விஷயத்துக்கு வர்றேன், கொஞ்சம் நின்னு பேசணும் இதுல. ஒரு முதலாளி ஆள் கிடைக்கலைன்னா, நீங்க கொடுக்கற சம்பளத்துக்கு ஆள் கிடைக்கலைன்னு சொல்லுங்கம்பாங்க சில பொருளாதார நிபுணருங்க. நியாயமான கேள்வி. சம்பளத்தை ஏத்து, வருவாங்க. ஒரு ஃபாக்டரிக்கோ ஹோட்டலுக்கோ இது ஓரளவு பொருந்தும், முடியலைன்னா மிஷின் வாங்குவான், இல்ல கடையை மூடுவான்.

ஆனா முதியோர் பராமரிப்புல சம்பளத்தை முடிவு பண்றது யாரு? இங்கிலாந்துல பெரும்பகுதி பராமரிப்புக்குக் காசு கொடுக்கறது உள்ளாட்சி கவுன்சில், அவங்க ஒரு ரேட் வச்சிருக்காங்க, அந்த ரேட்டுக்கு மேல சம்பளம் ஏத்தணும்னா கவுன்சிலுக்குக் காசு வரணும், காசு வரணும்னா வரி ஏறணும். வரியை ஏத்த அரசுகள் தயங்குது. சூப்பர் மார்க்கெட்ல நின்னா கிட்டத்தட்ட அதே சம்பளம் கிடைக்கும்போது ராத்திரி ஷிஃப்ட்ல முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்ட யார் வருவா? 2021-22ல இங்கிலாந்து பராமரிப்புத் துறையில 1 லட்சத்து 65 ஆயிரம் இடம் காலியா கிடந்துச்சு. அப்போ என்ன பண்ணாங்க? 2022 பிப்ரவரில விசாவைத் திறந்து விட்டாங்க. அதாவது வரியை ஏத்தறதுக்குப் பதிலா விசா. வெளிநாட்டுத் தொழிலாளி வந்து அந்த ஓட்டையைத் தன் குறைஞ்ச சம்பளத்தால அடைச்சாரு.

அந்த விசா முதலாளியோட கட்டிப் போட்ட விசா, வேலை போனா குறிப்பிட்ட நாளுக்குள்ள வேற ஸ்பான்சரைத் தேடணும், இல்லைன்னா நாட்டை விட்டுக் கிளம்பணும். ஏஜெண்டுகளுக்கு லட்சக்கணக்குல கட்டிட்டு வந்து இறங்கினா வேலையே இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டவங்க நிறைய. எண்ணிக்கை ஏறினதும் அரசியல் சூடாச்சு, 2024 மார்ச்ல குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னாங்க, 2025 ஜூலையில வெளிநாட்டுல இருந்து புதுசா பராமரிப்பாளர் எடுக்கறதையே நிறுத்திட்டாங்க. சம்பள ரேட்டு? அது பழையபடி கவுன்சில் பட்ஜெட்டோட மல்லுக்கட்டிட்டுதான் இருக்கு. எனக்கு இதுல கோவம் வர்றது விசாவை மூடினதுக்காக மட்டும் இல்ல, திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே கேள்வியைத் தவிர்த்தாங்க பாருங்க, அதுக்காக.

பேச்சு ஒண்ணு, செயல் ஒண்ணுங்கறதுக்கு நிறைய உதாரணம் இருக்கு. இத்தாலியில மெலோனி அம்மா குடியேற்றத்துக்கு எதிராப் பேசித்தான் 2022ல ஆட்சிக்கு வந்தாங்க, அதே அரசு 2023ல இருந்து 2025 வரைக்கும் 4 லட்சத்து 52 ஆயிரம் வேலை பெர்மிட்டுக்கு ஒதுக்கீடு போட்டுச்சு. ஹங்கேரில ஆர்பன் பிரதமரா இருந்தப்போ எல்லையில வேலி போட்டவரு, அவர் ஆட்சியிலயே ஃபாக்டரிகளுக்குப் பிலிப்பைன்ஸ் வரைக்கும் போய் ஆள் எடுத்தாங்க, அவங்களுக்கு விருந்தினர் தொழிலாளின்னு பேரு. ஜப்பான்ல 2019ல புது வேலை விசா கொண்டு வரும்போது பிரதமர் அபே இது குடியேற்றக் கொள்கை இல்லைன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. அஞ்சு வருஷத்துக்கு 3 லட்சத்து 45 ஆயிரம்னு வச்ச உச்ச வரம்பு 2024ல 8 லட்சத்து 20 ஆயிரம் ஆச்சு. குடியேற்றம் இல்லைங்க, ஆளு வர்றாங்க, அவ்ளோதான்!

ஜெர்மனி இதே நாடகத்தை ஏற்கனவே ஆடி முடிச்சது. 1955ல இத்தாலியோட, 1961ல துருக்கியோட ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தாங்க, கொஞ்ச வருஷம் வேலை பாத்துட்டுப் போயிடுவாங்கன்னு நினைப்பு. நிறைய பேர் போகவும் செஞ்சாங்க. 1973ல ஆள் எடுக்கறதை நிறுத்தினதும் என்ன ஆச்சுன்னா, இப்போ ஊருக்குப் போனா திரும்ப வர முடியாதுன்னு அங்கயே தங்கிட்டாங்க, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தாங்க. கதவை மூடினதுதான் அவங்களைக் குடியேறிகளா மாத்திச்சு. தற்காலிகம்னு சொல்லியே கூப்பிட்டதால மொழி சொல்லிக் கொடுக்க ஏற்பாடு பெருசா இல்ல, அந்த அலட்சியத்துக்கு அடுத்த தலைமுறை விலை கொடுத்துச்சு.

சரி, எதிர்க்கிறது யாரு? வயசானவங்கதான், அவங்களுக்கே ஆள் வேணும், அவங்களே வேணாங்கறாங்கன்னு ஒரு கிண்டல் இருக்கு. பிரிட்டன்ல 2016 ஓட்டெடுப்பைப் பார்த்தா அது பொருந்தும், 65க்கு மேல இருந்தவங்கள்ல பெரும்பான்மை ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறத்தான் ஓட்டுப் போட்டாங்க. ஆனா ஜெர்மனியில 2025 பிப்ரவரி தேர்தல்ல குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீதம் வாங்கினப்போ, 70 வயசுக்கு மேல இருந்தவங்க கிட்டதான் அதுக்கு ஓட்டு கம்மி, நடு வயசுக்காரங்க கிட்ட நிறைய. யோசிச்சா புரியும், பென்ஷன் வாங்கறவருக்கு வேலைப் போட்டி கிடையாது, வீட்டு வாடகை, ஸ்கூல் இடம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இதுக்கெல்லாம் வரிசையில நிக்கிறது உழைக்கற வயசுல இருக்கறவங்க.

கனடா கதையும் அதுதான். குடியேற்றத்தை ரொம்ப காலமா சண்டை இல்லாம நடத்தின நாடு, 2025ல 5 லட்சம் பேருக்கு நிரந்தரமா தங்கற உரிமைன்னு திட்டம் போட்டுச்சு, கூடவே மாணவர்கள் தற்காலிகத் தொழிலாளிங்கன்னு எண்ணிக்கை எகிறிடுச்சு, வீடு அந்த வேகத்துல கட்டல. வாடகை ஏறினதும் மக்கள் மனசு மாறிடுச்சு, 2024 அக்டோபர்ல அந்த 5 லட்சத்தை 3 லட்சத்து 95 ஆயிரமா வெட்டிட்டாங்க. வாடகை கட்ட முடியாதவனை இனவெறியன்னு திட்டிப் பிரயோஜனம் இல்ல. இனவெறி இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா எல்லாத்துக்கும் அதுவே விடை ஆகாது.

வேற வழியே இல்லையான்னா இருக்கு, டென்மார்க் 2040ல இருந்து ஓய்வு வயசை 70 ஆக்கறதா 2025ல சட்டம் போட்டுச்சு, பிரான்ஸ் 2023ல 62ல இருந்து 64க்கு ஏத்தப் போயி தெருவெல்லாம் போராட்டம். ரோபோவும் வருது, ஆனா முதியவரைக் குளிப்பாட்டற வேலைக்கு இன்னும் மனுஷக் கைதான்.

கடைசியா ஒண்ணு, மேடையில யாரும் பேசறதில்ல. இந்த விவாதம் முழுக்க நாம விடலாமா வேணாமான்னே நடக்குது, வர்றவங்க வரிசையில எப்பவும் நிப்பாங்கங்கற நினைப்புல. 1955ல ஜெர்மனிக்கு ஆள் அனுப்பின இத்தாலி இன்னைக்கு பெர்மிட் கொடுத்து ஆள் தேடுது. 1960கள்ல மேற்கு ஜெர்மனிக்குச் சுரங்கத் தொழிலாளிகளையும் நர்ஸுகளையும் அனுப்பின தென் கொரியா 2004ல இருந்து பர்மிட் முறை வச்சு வெளியில இருந்து ஆள் எடுக்குது. பயிற்சின்னு பேரு வச்சு வெளிநாட்டு ஆளுகளை வேலைக்கு எடுக்கற ஜப்பானோட தொழில் பயிற்சித் திட்டத்துல முதலாளியை மாத்த முடியாத கட்டுப்பாடு பொறுக்காம 2023ல மட்டும் 9,700 பேருக்கு மேல ஓடிப் போனாங்க, இப்போ அந்தத் திட்டத்தையே 2027க்குள்ள மாத்தி, கொஞ்ச காலம் வேலை பாத்தப்புறம் வேற முதலாளிகிட்ட போகலாம்னு சட்டம் போட்டிருக்காங்க. இரக்கத்தால மட்டும் இல்லைங்க, கொரியாவும் தைவானும் அதே ஆளுகளைத்தான் தேடுதுங்கறதும் ஒரு காரணம். ஜப்பானுக்கு ரொம்ப அதிகமா ஆள் அனுப்பற வியட்நாம்ல குழந்தைப் பேறு 2.1க்குக் கீழ இறங்கிடுச்சு, ரெண்டு குழந்தைக்கு மேல வேணாம்னு வச்சிருந்த விதியை அந்த நாடு 2025 ஜூன்ல எடுத்துட்டுது.