சொட்டாத லீக்: சக்திமான் ரெண்டு நிமிஷத்துல நின்னதுக்குக் காரணம் இதுதான்

வணக்கம் மக்களே, கடலூர் முதுநகர் ஷெட்டுல இருந்து. பின்னாடி சத்தம் கேக்குதா? பழைய சக்திமான் லாரி ஓடுது. நாப்பது நிமிஷம் ஆச்சு, இன்னும் நிக்கல. போன வீடியோவுல ரெண்டு நிமிஷம் ஓடி, ஏறி இறங்கி, அப்படியே அடங்கிப்போச்சு, பார்த்தீங்கல்ல. எஃப்ஐபியை, அதாவது டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புற பம்ப்பை, கழட்டி முழுசா சரி பண்ணணும், 22,000 ரூபாய் ஆகும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க. பம்ப்பைத் தொடவே இல்ல. கோளாறு இருந்தது இதுல. கேமரா கிட்ட கொண்டு வரேன், இந்தக் காப்பர் வாஷர்ல.

அறிகுறியை நல்லா கேட்டுக்கோங்க. ஹேண்ட் பம்ப்பை முப்பது தடவை அடிச்சா வண்டி பிடிக்கும். ரெண்டு மூணு நிமிஷம் ஓடும், நிக்கும். திரும்ப அடிச்சா திரும்பப் பிடிக்கும். ராத்திரி நிறுத்தி வச்சா லைன்ல இருக்கிற டீசல் டேங்குக்கே இறங்கிடும். இது எல்லாமே காத்து இழுக்கிற வேலை. முள்ளோடை எல்லை தாண்டி பாண்டியில டீசல் போட்டதாலதான் நிக்குதுன்னு நிறைய பேர் சொன்னீங்க. டீசல் மேல ஒரு தப்பும் இல்ல.

டேங்க்ல இருந்து டீசலை இழுக்கிற சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப். டேங்க்ல இருந்து அது வரைக்கும் இருக்கிற லைன் உறிஞ்சற லைன். ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் ஃபில்டர், எஃப்ஐபி எல்லாம் தள்ளுற லைன். தள்ளுற பக்கம் ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சற பக்கம் ஓட்டை இருந்தா ஒரு சொட்டு கூட வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். ஜாயின்ட் பளிச்சுனு காஞ்சு இருக்கும். அதைப் பார்த்துட்டு லீக் இல்லன்னு முடிவு பண்ணிடறாங்க. அங்கதான் பாவம் அந்த பம்ப் கழட்டப்படுது!

கண்டுபிடிச்ச விதம் சொல்றேன். அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல், ஃபீட் பம்ப்பை விட உசரமா கட்டித் தொங்கவிட்டாச்சு. டேங்க் லைனைக் கழட்டிட்டு, கேன்ல இருந்து கண்ணாடி மாதிரி உள்ள தெரியற ஹோஸ் போட்டு நேரா ஃபீட் பம்ப்புக்கு. இருபது நிமிஷம் விடாம ஓடுச்சு. அப்போ பம்ப், இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாசில், ஃபில்டர் எதுலயும் பழுது இல்ல. அடுத்து டேங்க் லைனையே திரும்ப மாட்டி, அது ஃபீட் பம்ப்புல சேர்ற இடத்துல ஒரு அடி கண்ணாடி ஹோஸ். ஸ்டார்ட் பண்ணதும் பாருங்க, சோடா மாதிரி குமிழ் குமிழா வருது.

குமிழ் எங்க இருந்து வருதுன்னு பார்க்க, ஃபீட் பம்ப் பக்கம் லைனை அடைச்சுட்டு, டேங்க் பக்கத்துல இருந்து சைக்கிள் பம்ப்பால அஞ்சு பிஎஸ்ஐ காத்து. ஜாயின்ட் ஜாயின்ட்டா சோப்புத் தண்ணி. கம்ப்ரஸரை மாட்டாதீங்க, பழைய ஹோஸும் தண்ணி பிரிக்கிற கண்ணாடிக் கிண்ணமும் வெடிச்சுடும். கிண்ணத்துக்கு மேல இருக்கிற பாஞ்சோ போல்ட்டுல, அதாவது பைப் முனை வளையத்தைக் கோத்துப் பிடிக்கிற போல்ட்டுல, நுரை கட்டுச்சு.

ஒண்ணு விட்டுட்டேன். டேங்குக்குள்ள இறங்கற குழாய்ல கோளாறு இருந்தா இந்த டெஸ்ட்ல தெரியாது. டேங்க் பாதிக்குக் கீழ போனா மட்டும் வண்டி நிக்குதுன்னா, அந்தக் குழாய்ல மயிரிழை விரிசல் இருக்கும். டீசல் மூடியிருக்கிற வரைக்கும் காத்து போகாது. அதை வெளிய எடுத்துத்தான் பார்க்கணும்.

சரி, அந்த போல்ட்டுல இருக்கிற வாஷர். எனக்குக் கோவம் வந்த இடம் இது. பழசுக்குப் பதிலா போட கடையில ஒண்ணு எட்டு ரூபாய்னு வாங்கினது, செம்பு நிறத்துல தகதகன்னு இருக்கு. காந்தத்தைக் காட்டினேன், டக்குனு ஒட்டிக்கிச்சு. இரும்புக்கு செம்பு முலாம்! இது எந்தக் காலத்துலயும் அழுந்தாது, சீல் ஆகாது. வாஷர் வாங்கப் போனா பாக்கெட்ல ஒரு காந்தம் வச்சுக்கோங்க, தயவுசெஞ்சு.

பழைய வாஷர் அசல் செம்பு. தூக்கி எறியாதீங்க. பல தடவை இறுக்கி இறுக்கி கெட்டியாயிருச்சு, அவ்வளவுதான். சிமெண்ட் தரையில போட்டுப் பாருங்க. கேட்டீங்களா, 'கிணிங்'. இதை ஜிஐ கம்பியில கோத்து, நிழல்ல நின்னு கேஸ் டார்ச் காட்டணும். வெயில்ல நின்னா நிறம் தெரியாது, உருக்கிடுவீங்க. மங்கலா செவந்ததும் நேரா தண்ணியில. இரும்பைத் தண்ணியில முக்கினா கெட்டியாகும், செம்பு அப்படி இல்ல, மெதுவாத்தான் இருக்கும். கருப்பு போகப் புளித்தண்ணியில பத்து நிமிஷம், வீட்டுல செம்புக் குடம் தேய்ப்பாங்களே அதே வேலை. அப்புறம் கண்ணாடித் துண்டு மேல 400 நம்பர் எமரி பேப்பர் விரிச்சு, எட்டு போட்ட மாதிரி நாலு தேய். பள்ளம் தெரியக்கூடாது. இப்ப போடறேன் பாருங்க. 'டொக்'. இந்தச் சத்தம் வந்தா வாஷர் ரெடி.

ஆங், ஒரு பாஞ்சோவுக்கு ரெண்டு வாஷர். பைப் முனை வளையத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ இருக்கிறது பழசோட ஒட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு மேலயே இன்னொண்ணு போட்டுடாதீங்க. போல்ட் உள்ள ஓட்டையானது, ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இறுக்கினா தலை கையோட வந்துடும்.

மாட்டினதும் ஏர் எடுக்கணும், அதாவது லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்தணும். முதல்ல ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூ, குமிழ் நிக்கிற வரைக்கும் ஹேண்ட் பம்ப். அடுத்து எஃப்ஐபி ஸ்க்ரூ. கடைசியா நாசில் பக்கம் ரெண்டு மூணு பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்கணும், பத்து செகண்ட், ஒரு நிமிஷம் ஓய்வு. கண்ணாடி போட்டுக்கோங்க. விரலை அங்க வைக்காதீங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வெள்ளைப் புகை பத்தி கேட்டீங்க. அது வேற. சக்திமான், ஜெர்மனி மேன் கம்பெனியோட 415 மாடல், 1959ல இருந்து 1996 வரைக்கும் ஜபல்பூர்ல செஞ்சது. அந்த இன்ஜின்ல டீசலைக் காத்துல தூவறதில்ல, பிஸ்டன் தலையில இருக்கிற உருண்டைக் குழியோட சுவத்துல பூசும். குழி சூடாகிற வரைக்கும் பாதி எரியாத டீசல் வெள்ளையா வந்து கண்ணு எரியும். சூடான பிறகும் நிக்கலன்னா மட்டும் நாசிலைப் பாருங்க.

இப்ப ஆஃப் பண்றேன். உண்மையான பரீட்சை ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, காலையில ஹேண்ட் பம்ப் தொடாம பிடிக்குதான்னு பார்க்கிறதுதான்.

...காலை ஆறேகால். கண்ணாடி ஹோஸைப் பாருங்க, டீசல் நேத்து நின்ன இடத்துலயே நிக்குது, ஒரு குமிழ் இல்ல. செல்ஃப் அடிக்கிறேன்.

பிடிச்சுருச்சு! ஒரே சுத்து!